தாமதமாகச் சிரிப்பவள்

ஜோகுபாளையம்
10 மார்ச் 2024

மாமாவுக்கு,

மச்சினிச்சி வள்ளியம்மா எழுதுவது. கடிதத்தின் தலையில் நலம், நலமறிய ஆவல் என்று போட வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் படித்ததே ஐந்தாவது வரைதான். அதிலும் நினைவில் நிற்பது இது ஒன்றுதான். ஆனால் அக்கா போய் இன்றைக்கு முப்பத்தேழு நாள். நலம் என்று எழுதக் கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

இந்தத் தூரத்துக்குக் கடிதமா என்று நீ கேட்பாய். அடுத்த சந்தில் இருந்த உன்னை, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே தினேஷ் காக்ஸ் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதுவும் ஒன்றும் தூரம் இல்லை, அல்சூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்துவிடலாம். வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே. போன் போடலாம் என்றால் உன் காது. முப்பது வருஷம் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற சத்தத்தில் நின்று, காதைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டு வந்தாய். போன வாரம் நான் போன் போட்டபோது, "யாரு? வள்ளியா? வள்ளியா?" என்று நீ கத்தியது மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். மறுநாளே தினேஷ் கூப்பிட்டான். உன் பிள்ளைதான், ஆனால் என் இடுப்பில் வளர்ந்தவன். "சித்தி, கொஞ்ச நாளைக்குப் போன் வேணாமே" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டோம்.

அதனால்தான் இந்தக் காகிதம். வீட்டுக்கு அனுப்பினால் உன் மருமகள் ரூபினி கையில் போய் நிற்கும். உங்கள் வீட்டுக்குக் கீழே இஸ்திரி வண்டி வைத்திருக்கிறாரே சேஷகிரி, அவர் சம்சாரம் நான் சமைக்கிற பி.ஜி. ஹாஸ்டலில்தான் பாத்திரம் கழுவுகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதினால் நீயும் அவரிடமே கொடு.

இப்போது என் தப்பை நானே எழுதிவிடுகிறேன். பதினாறாம் நாள் படையல் முடிந்து எல்லாரும் இலையில் உட்கார்ந்தாயிற்று. நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. அந்தப் பதினாறு நாளும் காபியில்தான் உயிர் வைத்திருந்தாய். என்ன செய்வது என்று புரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். "அக்காதான் வேணாம்னு போட்டுட்டுப் போயிட்டாளே, இனிமே நீ எனக்குத்தான். எலும்பும் தோலுமா இருந்தா நான் எடுத்துக்க மாட்டேன். சாப்பிடு மாமா."

புதிதாகவா சொன்னேன்? உங்கள் கல்யாணப் பந்தியில் ஆரம்பித்தது. "அக்கா, உனக்கு வேணாம்னா சொல்லு, உன் ஆளை நான் எடுத்துக்கறேன்." முப்பத்து மூன்று வருஷமாகக் காதுகுத்து, கல்யாணம், வளைகாப்பு ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரிப்பார்கள். அக்கா மட்டும் விழிப்பாள். அவளுக்கு எந்த வேடிக்கையும் உடனே புரியாது. எல்லாரும் சிரித்து முடித்து வேறு பேச்சுக்குப் போன பிறகு, தனியாக, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள். அவளைப் பார்த்து எல்லாரும் மறுபடி சிரிப்பார்கள்.

அன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. உன் அக்கா ருக்கு அண்ணி பாயசக் கரண்டியைக் கீழே வைத்தாள். "பதினாறு நாள் பொறுத்தியே, அதுவே பெருசு" என்றாள்.

எனக்கு இது விளங்கவே இல்லை மாமா. அக்கா இருந்தவரை உன் முதுகில் நான் அடிக்கலாம், உன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மார்க்கெட் போகலாம், ஊர் நடுவில் நின்று உன்னை என் புருஷன் என்று சொல்லலாம். அவள் போன பிறகு உன் இலையில் ரசம் ஊற்றினால் தப்பு. என் வீட்டுக்காரர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது, பிள்ளை குட்டி கிடையாது. அப்போதெல்லாம் இல்லாத தப்பு இப்போது எந்த வாசல் வழியாக வந்தது?

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அடுத்த தை மாதம் அக்காவுக்கு வருஷப் படையல் வரும். மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பை உன் வீட்டு அடுப்பில் நின்று நான் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு அவள் அதைத்தான் கேட்டாள். "வீட்டுக்கு வா, வைக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் வரவில்லை. அந்தக் குழம்பு நான் வைக்காமல் அப்படியே நிற்கிறது. அதற்குள் உன் ஆட்களை எப்படியாவது சரிக்கட்டு.

சாப்பிடு.

வள்ளி


காக்ஸ் டவுன்
22 மார்ச் 2024

வள்ளிக்கு,

உன் கடிதத்தைச் சேஷகிரி மடித்த சட்டைக்குள் வைத்துக் கொடுத்தார். வாங்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. அறுபத்தொரு வயதில் இப்படி ஒரு காரியம்.

சாப்பிடுகிறேன். காலையில் இரண்டு இட்லி. ரூபினி நன்றாகத்தான் கவனிக்கிறாள். என் அறை ஜன்னலுக்கு நேராக மாதா கோயில் தெரியும். மணி அடிப்பது எனக்குக் கேட்காது. புறாக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பினால் அடித்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறேன். அப்படித்தான் நேரம் போகிறது.

நீ அன்றைக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

ஆனால் உன் கடிதத்தில் ஒன்று சரியில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் சிரித்தேன். நீ சொல்லிவிட்டு ரசப் பாத்திரத்தோடு அடுத்த இலைக்குத் திரும்பிவிட்டாய், பார்க்கவில்லை. எப்படி வந்தது என்று தெரியவில்லை. நீ அதைச் சொல்வாய், நான் சிரிப்பேன், பிறகு உன் அக்கா அன்னம்மாள் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்ப்பேன். பழக்கம். அன்றைக்கும் சிரித்தேன், திரும்பியும் பார்த்தேன். அவள் உட்காருகிற இடத்தில் ருக்கு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

உன் பேச்சை அவர்கள் மறந்துவிடுவார்கள். வள்ளிக்கு வாய் அப்படி என்று எல்லாருக்கும் தெரியும். பெண்டாட்டியைப் புதைத்த பதினாறாம் நாள் பல் தெரியச் சிரித்தவனை மறக்க மாட்டார்கள். உனக்கு வந்த கெட்ட பெயர் என் சிரிப்பால் வந்தது. இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதமே.

இனிமேல் நீ, வா, போ என்று எழுதாதே. நீங்கள் என்று எழுது. யார் கையிலாவது கிடைத்தால் மரியாதையாக இருக்கட்டும்.

படையலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பார்க்கலாம்.

இராஜமாணிக்கம்


ஜோகுபாளையம்
21 ஏப்ரல் 2024

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களின் சமூகத்திற்கு,

தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைக்கப்பெற்று, தாங்கள் இரண்டு இட்லி சாப்பிடுவதை அறிந்து மட்டற்ற மகிழ்ச்சி அடைந்தேன்.

போதுமா? ஒரு வரிக்கே எனக்குக் கை வலி வந்துவிட்டது. இனி நீதான்.

நீ சிரித்தாய் என்று படித்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பி.ஜி.யில் முப்பது பெண்களுக்கு அன்றைக்குச் சப்பாத்தி தாமதம். லாவண்யா என்று ஒருத்தி, ஈரோட்டுக்காரி, கம்ப்யூட்டர் வேலை. என்ன ஆன்ட்டி என்று வந்து கேட்டாள். சொன்னேன். "உங்க அக்கா ஹஸ்பண்ட்தானே, போய்ப் பாத்தா என்ன?" என்றாள். அவள் அம்மா அப்பாவுக்கு ஒரே பெண், முறை கிறை ஒன்றும் தெரியாது. நான் வாத்தியார் மாதிரி விளக்கினேன். அண்ணன் முறை ஆனவனைக் கேலி செய்யக் கூடாது, மாமன் முறை ஆனவனைச் செய்யலாம். ஏன் என்றாள். மாமனைக் கட்டிக்கொள்ளலாம், அதனால். அப்போ உங்க அக்கா புருஷனை எப்படிக் கட்டிக்குவீங்க என்றாள். முடியாது, அக்கா இருக்கிறாளே, அதனால்தான் கேலியோடு நிற்கிறது. இப்போ அக்கா இல்லையே என்றாள். இப்போது கட்டிக்கொள்ளலாம், அதனால் கேலி செய்யக் கூடாது. சப்பாத்தியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். "உங்க ஆளுங்களுக்கு யாராவது டாக்டரைக் காட்டுங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சிரிப்பதற்குத்தான் எழுதினேன். சிரிக்க முடியாத ஒன்றையும் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை அல்சூர் மார்க்கெட்டில் பஸ் ஏறினேன். நடுவில் நீ உட்கார்ந்திருந்தாய். நீல முழுக்கைச் சட்டை, அக்கா எடுத்துக் கொடுத்தது. நான் கையைத் தூக்கினேன். நீ பார்த்தாய். பார்க்கவில்லை என்று எழுதாதே, உனக்குக் காதுதான் போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டாய். அது உன் ஸ்டாப் இல்லை.

நீ எழுந்த இடத்தில் உட்காரச் சொல்லி ஒரு அம்மா எனக்கு வழி விட்டாள். உட்கார்ந்தேன். சீட்டு இன்னும் சூடாக இருந்தது.

மனசு பேஜாராக இருக்கிறது மாமா. இத்தனை வருஷத்தில் உன்னிடம் நான் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வள்ளி


காக்ஸ் டவுன்
9 ஜூன் 2024

வள்ளிக்கு,

பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் ருக்கு அக்காவின் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அதனால் இறங்கினேன். காரணம் அதுதான். ஆனால் இறங்கி நின்ற பிறகு, அவள் இல்லாவிட்டாலும் இறங்கியிருப்பேனோ என்று தோன்றியது. மன்னித்துவிடு.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தினேஷ் கல்யாணத்தில் நீ அன்னம்மாளைத் தோளில் தள்ளிவிட்டு, எங்க ஜோடியை ஒண்ணு எடுங்க என்று போட்டோக்காரரிடம் சொல்லி என் பக்கத்தில் வந்து நின்றாயே. அந்தப் படம் உனக்கு நினைவிருக்கும். நீயும் நானும் நடுவில், நாம் சிரித்து முடித்து நேராக நிற்கிறோம். ஓரத்தில் அவள் அப்போதுதான் சிரிக்க ஆரம்பித்திருக்கிறாள்.

அவள் சிரிக்கிற படம் வேறு ஒன்றும் இல்லை. மற்றதில் எல்லாம் ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி முறைத்துக்கொண்டிருப்பாள். அதனால் அவள் போனபோது தினேஷ் அதிலிருந்துதான் அவளை வெட்டி எடுத்துப் பெரிதாக்கி மாட்டினான். அவள் இடது தோளில் உன் மூன்று விரல்கள் தங்கிவிட்டன. வளையலின் ஒரு கோடும் தெரியும். தினமும் காலையில் பூ வைக்கும்போது நான் அதைப் பார்ப்பேன்.

போன வாரம் படத்தைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தது. வீட்டுக்கு வந்த யாரோ, இது யார் கை என்று கேட்டார்களாம். ரூபினி ஸ்டூடியோவில் கொடுத்து எடுக்கச் சொல்லிவிட்டாள். விரல் இருந்த இடத்தில் புடவைப் பூவை அவர்களே வரைந்து நிரப்பியிருக்கிறார்கள். தெரியவே தெரியாது. "இப்போ நீட்டா இருக்கு மாமா" என்றாள். நல்ல பெண், கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நானும் ஆமாம் என்றேன்.

ஆனால் இப்போது அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

இராஜமாணிக்கம்


ஜோகுபாளையம்
30 ஜூன் 2024

மாமா,

விரல் போனால் போகட்டும். பாக்கி ஏழு இருக்கிறது.

இப்படி எழுதிவிட்டு மூன்று நாள் கடிதத்தை மடித்து வைத்திருந்தேன். வேறு எதுவும் எழுத வரவில்லை.

இங்கே குழாயடியில், நீ தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம், "வள்ளி, உன் வீட்டுக்காரர் வராரு பாரு" என்று கத்துவார்களே. உனக்கே கேட்கும் அளவுக்குக் கத்துவார்கள். இப்போது நான் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, "மாமா எப்டி இருக்காரு?" என்று மெதுவாகக் கேட்கிறார்கள். சத்தமாகச் சொன்னவரைக்கும் பொய்யாக இருந்தது. குரலை இறக்கினதும் அதற்கு உண்மையின் நிறம் வந்துவிட்டது.

தினேஷிடம் படையலைப் பற்றிக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். கேள்.

வள்ளி


காக்ஸ் டவுன்
15 செப்டம்பர் 2024

வள்ளிக்கு,

நீ ஆகஸ்டில் எழுதியது நேராக என் கைக்கு வரவில்லை. சேஷகிரிக்குக் காய்ச்சல். துணியை வேறு ஆள் மேலே கொண்டுவந்து ரூபினியிடம் கொடுத்துவிட்டார். அவள் சட்டையை உதறியபோது விழுந்தது.

தினேஷ் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தான். கருவாடு எங்கே நல்லதாகக் கிடைக்கிறது, என் முழங்காலுக்கு எந்த எண்ணெய் நல்லது, இவ்வளவுதான் அதில் இருந்தது. ஆனால் சட்டைக்குள் ஒளிந்து வந்த கடிதத்தில் கருவாட்டைப் பற்றி எழுதியிருந்தாலும் அது கருவாடாகத் தெரிவதில்லை. நாம் மறைத்தது தப்பு. மறைக்க ஒன்றும் இல்லாதபோது மறைத்தோம். அவன் கத்தவில்லை. என் காதருகில் வந்து, எனக்குக் கேட்கிற மாதிரி, "ஒண்ணு நிறுத்துங்கப்பா. இல்ல, ஊரறியக் கட்டிக்கிங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இல்லப்பா" என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது.

பத்து நாள் யோசித்தேன். புறாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு யோசிக்க நேரத்துக்கு என்ன குறை. அவன் சொல்வது சரி. நடுவில் இடம் இல்லை. அன்னம்மாள்தான் அந்த நடு இடம். அவள் போனதும் இடமும் போய்விட்டது.

ஆகவே கேட்கிறேன். அல்சூர் கோயிலில் மாலை மாற்றிக்கொள்ளலாமா? தினேஷ் எதிர்க்க மாட்டான். ருக்கு அக்கா நான்கு நாள் பேசுவாள், பிறகு சாப்பிட வருவாள். நீ என் வீட்டு அடுப்பில் நின்று குழம்பு வைக்கலாம். யாரும் கேட்க முடியாது.

இது ஆசையால் கேட்பது அல்ல. எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வேறு வழியை இந்த ஜனங்கள் வைக்கவில்லை.

நீயே கேட்டுக்கொண்டிருந்ததுதானே என்று கடைசியில் ஒரு வரி எழுத நினைத்தேன். எனக்குக் கேலி வராது. தப்பாக முடியும்.

இராஜமாணிக்கம்


ஜோகுபாளையம்
27 அக்டோபர் 2024

மாமா,

பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. நீ கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாய். தெரியும்.

முதல் நாள் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். நிஜமாகத்தான். என் மாமா என்னைப் பெண் கேட்கிறார், அதுவும் காபிக்கு. இரண்டாம் நாள் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், பார்த்தேன். தலைக்குச் சாயம் போட்டால் பரவாயில்லை என்று கூட நினைத்தேன். தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு இப்படி ஒரு நாள் வரும், அதில் வெட்கம் இல்லை. மூன்றாம் நாள் அடுப்பில் நிற்கும்போது, என் பழைய பேச்சைச் சும்மா வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அக்கா, உனக்கு வேணாம்னா சொல்லு. அதற்கு மேல் வரவில்லை. முப்பத்து மூன்று வருஷம் தூக்கத்தில் கூடச் சொல்லியிருப்பேன். வரவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை மாமா. உன்னைக் காட்டிச் சொன்னேன். சொன்னது அவளிடம்.

உனக்குத் தெரியாத ஒன்று. எங்கள் அம்மா போனபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஏழு. அன்றையிலிருந்து அவள் சோறு ஆக்கினாள், துணி துவைத்தாள், எனக்குத் தலை வாரினாள். பேசுவதை விட்டுவிட்டாள். வீட்டில் எல்லா வேலையும் அவளே எடுத்துக்கொண்டதால் எனக்கு ஒரு வேலையும் மிஞ்சவில்லை. அவளைச் சிரிக்க வைப்பது மட்டும்தான் பாக்கி இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். சோற்றுப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சலித்துப்போய்ப் பானையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போன பிறகு உள்ளே ஒரு சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், அரிசி களைந்துகொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தாமதமாகச் சிரிப்பது அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அதே பானை ஆட்டம்தான். நீ வந்தாய், பானைக்குப் பதில் உன்னைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

உன்னைக் கட்டிக்கொண்டால் நான் சொன்னது முழுவதும் நிஜம் என்று ஆகிவிடும். ருக்கு அண்ணி, நான் அப்பவே சொன்னேனே என்பாள். அவள் சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு அது பெரிதில்லை. அக்காவை நினைத்துப் பார். தன் வீட்டை எடுத்துக்கொள்ள வந்தவளைப் பார்த்து முப்பத்து மூன்று வருஷம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த பைத்தியக்காரி ஆகிவிடுவாள். படத்தில் விரலைத்தான் அழித்தார்கள். இதைச் செய்தால் அவள் சிரிப்பையே நாம் அழித்த மாதிரி.

எனக்கு மாலை வேண்டாம் மாமா. ஒரு நாளைக்கு, ஒரு மணி நேரத்துக்கு, உன் வீட்டு அடுப்பு வேண்டும். அதை மட்டும் கேட்டுக் கொடு.

கண்ணாடி பார்த்ததை யாரிடமும் சொல்லாதே.

வள்ளி


காக்ஸ் டவுன்
5 ஜனவரி 2025

வள்ளிக்கு,

நீ எழுதியது சரி. படித்த அன்றைக்கே புரிந்துவிட்டது. ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை வருஷப் படையல். தினேஷிடம் அடுப்பைக் கேட்டேன். அவன் சரி என்றுதான் சொன்னான். பிறகு ருக்கு அக்கா வந்தாள். அன்றைக்குச் சைவம்தான், சமையலுக்கு வெளியே ஆள் சொல்லியாயிற்று என்றாள். தினேஷ் என்னைப் பார்த்தான். நான் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தினேஷ் நேரில் வந்து உன்னை அழைப்பான். பத்து மணிக்கு எல்லாரையும் போல வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போ.

இனிக் கடிதம் இல்லை என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

நீங்கள் என்று எழுதச் சொல்லியும் நீ எழுதாதது எனக்குப் பிடித்திருந்தது.

இராஜமாணிக்கம்


ஜோகுபாளையம்
22 ஜனவரி 2025

மாமாவுக்கு,

இதை ஸ்டாம்பு ஒட்டி வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன். ரூபினி, நீயே பிரித்துப் படித்துவிட்டு மாமாவிடம் கொடும்மா. ஒளிக்க ஒன்றும் இல்லை.

தினேஷ் வந்து முறையாக அழைத்தான். என் கட்டிலில் உட்கார்ந்து ரவா லட்டு இரண்டு சாப்பிட்டான். சின்ன வயதில் செய்கிற மாதிரி மூன்றாவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வருகிறேன் என்று சொன்னேன். நேற்று வரவில்லை. கோபம் இல்லை. வேறு ஆள் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு ருக்கு அண்ணி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், அது கூட முடியும். ஆனால் எதிர்ப்பந்தியில் நீ சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் என் வாய் சும்மா இருக்காது. இருக்க வைத்தால் எனக்குத்தான் ஏதாவது ஆகிவிடும்.

அதனால் முந்தின நாள் திங்கட்கிழமை போய்விட்டேன். பி.ஜி. அடுப்பிலேயே குழம்பு வைத்தேன். மொச்சையை முதல் நாளே ஊறப்போட்டிருந்தேன். கருவாட்டு நாற்றத்துக்கு முப்பது பெண்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். லாவண்யா மட்டும் மாடியில் இருந்து சென்ட் கொண்டுவந்து சமையலறை முழுக்க அடித்தாள். யாருக்கு ஆன்ட்டி என்றாள். எங்கள் அக்காவுக்கு என்றேன். பிறகு டிபன் பாக்ஸை அவளே துடைத்து, பையில் வைத்துக் கொடுத்தாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வசதியாகப் போனேன்.

கல்பள்ளி இடுகாட்டில் அக்கா மேல் புல் முளைத்திருக்கிறது. நீங்கள் மறுநாள் வந்து சுத்தம் செய்வீர்கள் என்று தெரியும், இருந்தாலும் தலைமாட்டில் மட்டும் பிடுங்கினேன். இலை போட்டுச் சோறு வைத்துக் குழம்பை ஊற்றினேன். உப்பு கொஞ்சம் தூக்கல், அவளுக்கு அப்படித்தான் வேண்டும். கற்பூரம் ஏற்றினேன். அழுகை வரும் என்று நினைத்துப் புடவைத் தலைப்பை எடுத்து வைத்துக்கொண்டேன், வரவில்லை. சுற்றிலும் பார்த்தேன், ஆள் இல்லை. ஒரு வருஷமாக வாய்க்குள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்த அந்தப் பேச்சு, அங்கே போனதும் தானாக வந்தது. கொஞ்சம் மாறி வந்தது.

"அக்கா, உன் ஆளு எனக்கு வேணாம். நீயே வெச்சுக்க."

சாப்பிடு மாமா. இரண்டு இட்லி போதாது, மூன்றாகச் சாப்பிடு. முழங்காலுக்கு எண்ணெய் தேய். பஸ்ஸில் பார்த்தால் இறங்க வேண்டாம், உன் ஸ்டாப் வரைக்கும் உட்கார்ந்து போ. நான் முன்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

கற்பூரம் அணைந்துவிட்டது. காக்கை வந்து குழம்பைத் தொட்டுவிட்டது. அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் அவளுக்குத்தான் எதுவும் உடனே புரியாதே. டிபன் பாக்ஸை மூடி வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

வள்ளி